நான் எடுத்துக் கொடுத்த முதல் சொல்

கண்ணு,

போனில் சொல்லிவிடக் கூடியதை எதற்கு இந்த அம்மா உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். நீ "அம்மா, வந்து..." என்று இழுப்பாய். "பாப்பா ஸ்கூல் விசயந்தானே" என்று நான் பிடுங்கிக்கொள்வேன். உன்னுடைய இந்த முப்பத்தாறு வருடத்தில் நீ தொடங்கிய பேச்சை நான் குறுக்கே புகுந்து முடிக்காமல் விட்டது எத்தனை முறை இருக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இதைப் படித்துவிட்டு நீ என்ன நினைக்கிறாயோ அதை நிதானமாக நினைக்கலாம், பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். நாளைக் காலை கண் காட்டுவதற்கு தருமபுரி வரும் உங்கப்பா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மறதிக்காரர் என்று அவரைச் சொல்வோம், ஆனால் இதை மறக்க மாட்டார். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் வந்திருந்தபோது, சாப்பிட்ட கை காய்ந்துபோகும் வரை நீயும் நித்யாவும் வாதாடிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி வந்திருக்கும் அந்தச் சின்னப் பள்ளியில் பாப்பாவை ஒன்றாம் வகுப்பு சேர்க்க வேண்டும் என்பது நித்யாவின் ஆசை. அங்கே முதல் மூன்று வருடம் பழைய முறைப் படிப்பு. பழைய செய்யுள்களை மனப்பாடம் செய்வது, வாய்பாடு ஒப்பிப்பது, நல்ல வாக்கியங்களைப் பார்த்து எழுதுவது, கதை கேட்டு அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது. அலசி ஆராய்வதெல்லாம் நாலாம் வகுப்புக்கு மேல்தான். அது படிப்பே இல்லை, பிள்ளையைக் கிளியாக்குவது என்றாய் நீ. அதோடு விட்டாயா, என் பக்கம் திரும்பினாய்.

"நீயே சொல்லும்மா. முப்பது வருசம் டீச்சரா இருந்தவ. மனப்பாடம் பண்றது ஒரு படிப்பா? என்னையப் பாரு, ஒண்ணாச்சும் மண்டையில நின்னுச்சா?"

நித்யாவும் என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைச் சூடு பண்ணி வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். ரசம் சூடாகத்தான் இருந்தது. அடுப்படியில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும், அம்மா பக்கம் இருந்து ஒரு வார்த்தை வந்தால் நித்யா கேட்டுக்கொள்வாள் என்று கிளம்பும்போது சொன்னாய். நான் உன் கட்சி என்று நீ நம்புவது எனக்குத் தெரிகிறது. அந்த நம்பிக்கைக்கு அடியில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய்யை உனக்குச் சொன்னவள் நான்.

முதலில் சின்னக் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் முன்பு நான் வங்கி வேலையாகத் தருமபுரி வந்தேன் அல்லவா, அன்று உனக்குத் தெரியாமல் நித்யாவுடன் அந்தப் பள்ளியைப் பார்க்கப் போனேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. "நானும் வர்றேன், என்னதான் பண்றாங்கன்னு பாக்கலாம்" என்று ஒட்டிக்கொண்டது நான்தான். பணி ஓய்வு பெற்ற டீச்சருக்கு இன்னொரு டீச்சரின் வகுப்பைப் பார்த்துக் குறை சொல்வதை விட வேறு என்ன சுகம்?

இருபது பிள்ளைகள் இருக்கும். பாய் போட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக் கொடுக்கும் பெண்ணுக்கு நித்யா வயதுகூட இருக்காது. ஒரு பெண்பிள்ளை எழுந்து நாலடிச் செய்யுள் ஒன்றைச் சொன்னாள். இரண்டு அடி கணீரென்று வந்தது. மூன்றாவது அடியில் நின்றுவிட்டாள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு நாக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது. பெற்றோருக்கென்று பின்னால் போட்டிருந்த பெஞ்சில் இருந்தபடி, முப்பத்தொரு வருடம் கத்திப் பழகிய குரலில், மூன்றாம் அடியின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நித்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: "இருங்கம்மா. அவளே வருவா."

பிறகும் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் சேலைத் தலைப்பை மூன்று தடவை முறுக்கிப் பிரித்தேன். அந்தப் பிள்ளை கூரையைப் பார்த்தாள், ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்தாள். நான் கொடுத்த சொல்லை அவள் எடுத்துக்கொள்ளவே இல்லை. வாய்க்காலைத் தாண்டப் பின்னால் போய் ஓடி வருகிற மாதிரி மறுபடி முதல் அடிக்குப் போனாள், அங்கிருந்து ஒரே மூச்சில் நாலையும் சொல்லி முடித்தாள். யாரும் கை தட்டவில்லை. அவள் உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையின் ரிப்பனைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். அடுத்த பிள்ளை எழுந்தது. எனக்கு மட்டும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. வழியில் ஆட்டோவில் நித்யா, "என்னாச்சுங்க அத்தை, மொகம் ஒரு மாதிரி இருக்குதுங்களே" என்று கேட்டதற்கு வெயில் என்று சொல்லிவிட்டேன்.

வெயில் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு பிள்ளைக்காகக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.

நம் பள்ளி உனக்கு நினைவிருக்கும். இல்லை என்பாய், இருக்கும். ஏரியூரில் இருந்து மூன்று கிலோமீட்டர், இரண்டு அறை, இரண்டு டீச்சர், ஐந்து வகுப்பு. மூத்த சாருக்கு நாலும் ஐந்தும். ஒன்று, இரண்டு, மூன்று எனக்கு. ஒரே அறையில் மூன்று வரிசை. ஒரு வரிசை வாய்பாடு சொல்லும்போது இன்னொரு வரிசை பலகையில் எழுதும், மூன்றாவது வரிசை பாட்டு ஒப்பிக்கும். ஒரு பிள்ளை யோசிக்கட்டும் என்று நான் ஒரு நிமிடம் நின்றால் மற்ற இரண்டு வரிசையும் சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பாட்டின் முதல் சொல்லை நான் எடுத்துக் கொடுப்பேன், பிள்ளை மீதியை ஓட்டிவிடும். நடுவில் தடுக்கினால் அந்த அடியின் முதல் சொல்லையும் கொடுப்பேன். வரிசை சர்ரென்று நகரும். பார்க்கிறவர்களுக்கு மழை கொட்டுகிற மாதிரி இருக்கும். ஒப்பித்தலில் நம் பள்ளியை அடிக்க ஆளில்லை என்று பெயர் வாங்கினேன். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள்கூட என் வகுப்பில் வந்து ஐந்து நிமிடம் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

நீ என் வகுப்பில் ஒன்றாம் வரிசையில் உட்கார்ந்தாய். வீட்டில் அம்மா, பள்ளியில் டீச்சர். வாசலைத் தாண்டினால் நீயாகவே "வாங்க போங்க" போட்டுப் பேசுவாய். அதை யாரும் உனக்குச் சொல்லித் தரவில்லை. அதைப் பார்த்து எனக்கு ஒரு பெருமை. இரண்டாம் வகுப்பு வருவதற்குள் நாற்பது செய்யுள் உனக்கு வந்துவிட்டது. மற்ற பிள்ளைகளுக்குப் பதினைந்து, இருபது. வீட்டுக்கு யார் வந்தாலும் உன்னைக் கூப்பிட்டு நிறுத்துவேன். நான் முதல் சொல்லைச் சொல்வேன், நீ மீதியைச் சொல்வாய். உரம் விற்க வந்தவர், மாட்டுக்கு ஊசி போட வந்தவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், ஒருத்தரையும் விட்டதில்லை. உங்கப்பா மட்டும் அந்த நேரம் ஏதாவது வேலையென்று எழுந்து போய்விடுவார். அப்போது எனக்கு அதில் கோபம்.

பிறகு பென்னாகரத்தில் அந்தப் போட்டி. ஒன்றியத்துப் பள்ளிகளுக்கெல்லாம் ஒப்பித்தல் போட்டி வைத்தார்கள். உனக்கு ஏழு வயது. புதுச் சட்டை, பவுடர், படிய வாரிய தலை. மேடைக்கு முன்னால் பிள்ளைகள், அதற்குப் பின்னால் கயிறு கட்டி டீச்சர்கள். யாரும் பக்கத்தில் போய் உதவக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கயிறு. பக்கத்தில் நின்ற டீச்சரிடம், "எங்க பையன் நாப்பதும் சொல்லுவாங்க, எதை வேணா கேக்கட்டும்" என்று நான் சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

நீ ஏறினாய், வணக்கம் சொன்னாய். நடுவராக இருந்தவர் நல்ல மனிதர். "உனக்குப் புடிச்ச பாட்டு எது வேணா சொல்லு தம்பி" என்றார். அவர் ஏதாவது ஒரு பாட்டைக் கேட்டிருந்தால்கூட நீ பிடித்துக்கொண்டிருப்பாய். எது வேணா என்றதுதான் உனக்கு வினை. எங்கே தொடங்குவது என்று ஒரு நாளும் நான் உன்னை யோசிக்க விட்டதில்லையே. நீ கூட்டத்தில் என்னைத் தேடினாய், கண்டுபிடித்தாய், என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்து உதட்டை அசைத்துக் காட்டினேன். அவ்வளவு தூரத்தில் என்ன தெரியும்? பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவரும் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல, போ தம்பி" என்றார்.

இறங்கி நேராக என்னிடம் வந்தாய். நீ அழவில்லை. என்ன சொன்னாய் தெரியுமா?

"நீங்க எடுத்துக் குடுக்கவே இல்லீங்களே டீச்சர்."

ஏழு வயதுப் பிள்ளை, என்ன கோளாறு, எங்கே கோளாறு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டாய். எனக்குத்தான் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏரியூர் வந்து சேரும் வரை நான் உன் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ என் சேலையை ஒரு தரம் தொட்டாய், நான் இழுத்துச் சொருகிக்கொண்டேன். வீட்டு வாசலில் மூத்த சாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நீ குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். உன் தலைக்கு மேலே நான் சொன்னேன்: "இவனுக்கு மண்டையில ஒண்ணும் நிக்காதுங்க. அவங்கப்பா மாதிரி." எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். பத்து நாளில் நீயும் அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாய்.

இது வரைக்கும் உனக்கும் தெரியும், கொஞ்சம் முன்னே பின்னே. இனிமேல் சொல்வது உனக்குத் தெரியாது.

அந்த மார்கழியில் நமக்குக் கேழ்வரகு நன்றாக விளைந்திருந்தது. அடித்துத் தூற்றி, களத்தில் காயப் போட்டிருந்தோம். சனிக்கிழமை. கோழி வந்து கிளறாமல் பார்த்துக்கொள் என்று உன்னைக் காவலுக்கு உட்கார வைத்திருந்தார் உங்கப்பா. உனக்கு மோர் கொண்டுவந்தேன். சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் வரும்போதே உன் குரல் கேட்டது. நின்றுவிட்டேன். நீ கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒன்று முடிந்ததும் கொஞ்சம் சும்மா இருப்பாய், ஒரு கோழியை விரட்டுவாய், அடுத்ததைத் தொடங்குவாய். நீயே தொடங்கினாய், கண்ணு. புத்தகத்தில் இருக்கிற வரிசையில்கூட இல்லை, உனக்குப் பிடித்த வரிசையில். நான் டீச்சர் அல்லவா, விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டேன். முப்பத்தெட்டு வந்தது. நின்றாய். எந்த இரண்டு விட்டுப்போனது என்று எனக்குத் தெரியும், சொல் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் நீயே அந்த இரண்டையும் தேடிப் பிடித்துச் சொன்னாய். மொத்தம் நாற்பது. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

நான் போருக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தேன். நீ என்னைப் பார்த்ததும் குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, வகுப்பில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாய்.

"கோழிய ஓட்டிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றாய்.

நான் "சரி" என்றேன். மோரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். கண்ணு, உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது மேடைக்கு இல்லை, பஸ்ஸுக்குக்கூட இல்லை. அந்தச் "சரி"க்குத்தான். அன்றைக்கு உன்னைத் தூக்கிவைத்துக்கொண்டு, "நாப்பதும் சொன்னடா, நான் எண்ணுனேன்" என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? உனக்கு எல்லாம் வரும் என்று ஒப்புக்கொண்டால், மேடையில் வராமல் போனதற்கு நான்தான் காரணம் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பக்கத்தில் இல்லாதபோது வருகிறது, நான் கண்ணில் பட்டதும் நின்றுபோகிறது என்றால், நான் சொல்லிக்கொடுத்த விதமே கோளாறு. பெயர் எடுத்த டீச்சர். எனக்கு என் பெயர் பெரிதாக இருந்தது. உண்மை இவ்வளவுதான், இதை அலங்கரிக்க ஒன்றும் இல்லை.

அடுத்த ஜூனில் உன்னைப் பென்னாகரத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தேன். அங்கே மனப்பாடம் கிடையாது, புரிந்து படித்தால் போதும், இவனுக்கு அதுதான் சரி என்று காரணம் சொன்னேன். உன்னை என் கண் முன்னால் இருந்து அப்புறப்படுத்தினேன் என்பதுதான் நிஜம். பத்தாம் வகுப்பு முடித்தபோது உனக்கு நல்ல மார்க். கன்று போட முடியாமல் நம் பசு கஷ்டப்பட்ட அன்று, டாக்டர் பக்கத்திலேயே நின்று எல்லாம் பார்த்த பிள்ளை நீ. மாட்டு டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தாய். அதற்காகப் பிளஸ் ஒன் சேரும் பாரத்தை நிரப்புகிற அன்று நீயே பின்வாங்கினாய். "அதுக்கு நெறைய பேருங்க ஞாபகம் வெக்கணும்மா. எனக்குத்தான் நிக்காதே" என்றாய். உங்கப்பா என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்துக்கொண்டு பாலிடெக்னிக் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு ஓசூர் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறாய், குறை ஒன்றும் இல்லை. ஆனால் உன் சட்டைப் பையில் இருக்கிற அந்தச் சின்ன நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் களம்தான் நினைவுக்கு வரும். பால், முட்டை, பாப்பாவுக்கு பென்சில் என்று மூன்று சாமானுக்குக்கூட எழுதி வைத்துக்கொள்கிறாய். அந்த நோட்டை உன் கையில் கொடுத்தது நான்தான்.

உங்கப்பாவிடம் களத்து விஷயத்தை அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். அவர் ரொம்பப் பேசுகிறவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். "அவங்கிட்ட சொல்லிப்புடு. சின்னப் பையன், சந்தோசப்படுவான்" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வருவதற்கு இருபத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. நடுவில் நாலைந்து தடவை கேட்டிருக்கிறார். நீ பாலிடெக்னிக் சேர்ந்தபோது, உன் கல்யாணம் முடிந்த மறுநாள், பாப்பா பிறந்தபோது. போன ஞாயிற்றுக்கிழமை உன் கார் தெருத் திரும்பியதும், கை கழுவிக்கொண்டே சொன்னார்: "இப்பவாச்சும் சொல்லு. இல்லாட்டி நான் சொல்லிருவேன். நான் சொன்னா நல்லாருக்காது." கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவர் என்னை மிரட்டியது இந்த ஒரு தடவைதான். இந்தக் கடிதத்தை அவர் மறக்க மாட்டார் என்று ஏன் சொன்னேன் என்று புரிகிறதா?

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். மனப்பாடம் ஒரு படிப்பா?

ஆறு வயதில் அது படிப்புதான், கண்ணு. அந்த வயதுப் பிள்ளைக்கு ஓசை பிடிக்கும், திரும்பத் திரும்பச் சொல்வது பிடிக்கும். அர்த்தம் தெரியவில்லையே என்று நாம்தான் கவலைப்படுகிறோம், அது கவலைப்படுவதில்லை. நம் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசினார்கள். பழைய செய்யுள் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் புதுசு, அதனால் அங்கே மட்டும் ஒருத்தருக்கொருத்தர் இளைப்பில்லை. நாக்குத் திருந்தியது, மூச்சு நீண்டது. அர்த்தம் அதுவாகப் பின்னால் வந்தது. போன மாதம் பஸ்ஸில் ஒரு பெண் எனக்கு இடம் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, "ஒண்ணாவதுல நீங்க சொன்ன பாட்டுக்கு, மாமியா வூட்டுக்குப் போனப்புறந்தான் அர்த்தம் தெரிஞ்சுதுங்க டீச்சர்" என்று சிரித்தாள். எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை, ஊகித்துக்கொண்டேன். பார்த்து எழுதுவதும் அப்படித்தான். சொந்தமாக எழுத ஒன்றும் இல்லாத வயதில் நல்ல வாக்கியம் கையில் பழகிவிட்டால், சொந்தமாக எழுத ஏதாவது வருகிறபோது கை தயாராக இருக்கும். கதையைத் திருப்பிச் சொல்வதை நான் செய்ததே இல்லை. நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். அந்தப் பள்ளியில் ஒரு பையன் நரிக்கதையைத் திருப்பிச் சொல்லும்போது நரிக்குப் பசி என்பதையே மறந்துவிட்டு, அதன் வாலைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் சொன்னான். டீச்சர் அதையும் முழுசாகக் கேட்டாள்.

அந்தப் பள்ளியை நான் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. வாரத்துக்கு அவர்கள் சொல்லிக்கொடுக்கிற வரி கொஞ்சம் அதிகம். கேள்வி கேட்கிற பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், கேட்கட்டும், பதில் சொல்வோம், அதைப் பாடமாக வைப்பதில்லை என்றாள் அந்தப் பெண். அது நடக்கிறதா என்று நீதான் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாப்பா கேட்கிற "ஏன்" ஒவ்வொன்றும் உனக்குத் தெரியும். ஆண்டு விழாவில் மேடை ஏற்றுவீர்களா என்றும் கேட்டேன். மூன்றாம் வகுப்பு வரை மேடையே கிடையாது என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, நித்யா கவனிக்காமல் மூக்கைச் சிந்தினேன்.

சேர்ப்பதும் சேர்க்காததும் நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவெடுக்க வேண்டியது. வேறு பள்ளியில் சேர்த்தாலும் பாப்பா நன்றாகத்தான் படிப்பாள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. "என்னையப் பாரு" என்று உன்னையே சாட்சியாக வைத்து முடிவெடுக்காதே. அந்தச் சாட்சி பொய். மனப்பாடம் உன்னைக் கெடுக்கவில்லை. ஒரு பிள்ளை தானாகத் தொடங்குவதற்குள் அவசரப்பட்டு வாயைத் திறந்த ஒருத்தி கெடுத்தாள். இரண்டும் வேறு வேறு.

உனக்கு நம்பிக்கை வராது. அம்மா குற்ற உணர்ச்சியில் என்னவோ எழுதுகிறாள் என்று நினைப்பாய். அதனால் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் பாப்பா வாசலில் கல் பொறுக்கிக்கொண்டே, அந்தப் பள்ளியில் கொடுத்த தாளைப் பார்த்து நித்யா சொல்லிக்கொடுத்த செய்யுளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நித்யா உள்ளே பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நீ காரில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்றாவது அடியில் பாப்பா நின்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், அந்தப் பள்ளி டீச்சரிடம் பட்ட அவமானம் போதும் என்று. அப்போது நீ போனில் இருந்து தலையைத் தூக்காமலே அந்த அடியின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தாய். பாப்பா மீதியைச் சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குப் போய்விட்டாள். நீ போனுக்குப் போய்விட்டாய். நீ செய்தது உனக்கே தெரியவில்லை.

அந்தச் செய்யுள் உன் இங்கிலீஷ் மீடியப் புத்தகத்தில் இல்லை. நித்யா அதை உனக்குச் சொல்லித் தரவும் இல்லை. நம்முடைய இரண்டு அறைப் பள்ளியில், ஆறு வயதில், நீ என்னிடம் படித்தது. ஒன்றும் நிற்காத மண்டையில் அது முப்பது வருடமாக நின்றுகொண்டிருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீயும் என்னை மாதிரியே காத்திருக்கவில்லை. பாப்பா எந்தப் பள்ளிக்குப் போனாலும், அவள் நின்றுபோகிற இடத்தில் நீ வாயை மூடிக்கொண்டு நில். கஷ்டமாகத்தான் இருக்கும், சேலைத் தலைப்புகூட இல்லை உனக்கு முறுக்க.

வெள்ளிக்கிழமை பதில் சொல்வதற்கு முன்னால் எனக்காக ஒன்று செய். கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது, அந்த நோட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, நாற்பதில் ஏதாவது ஒன்றைச் சொல்லிப் பார். எது வேண்டுமானாலும், உனக்குப் பிடித்தது. நீ கவனித்திருப்பாய், இவ்வளவு பக்கம் எழுதியிருக்கிறேன், நாற்பதில் ஒன்றின் முதல் சொல்லைக்கூட எழுதவில்லை. மூன்று இடத்தில் பேனா அது வரைக்கும் போய்த் திரும்பியது. இப்போதும் கை துடிக்கிறது. எழுத மாட்டேன்.

மெதுவாகச் சொல், கண்ணு. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அம்மா